தும்மலுக்கு ரப்பரைக் குற்றம் சொல்லும் முன்: குமரி மாவட்டத்தின் மகரந்தக் கணக்கு

மாசி மாதம் குலசேகரம், அருமனை, கீரிப்பாறைப் பக்கம் ஒருவர் நாலு தும்மல் சேர்ந்தாற்போலத் தும்மினால், பக்கத்தில் இருப்பவர் காரணம் தேடவே மாட்டார். "ரப்பர் பூத்திருக்குல்லா, அதான்" என்பார்.

இது பெரும்பாலும் வீண்பழி. மார்கழி, தையில் இலை முழுவதையும் உதிர்க்கும் ரப்பர் மரம், செம்பு நிறத் தளிர் விட்டு, பிப்ரவரி, மார்ச்சில் பூக்கிறது. பூ சின்னது, மஞ்சள், நல்ல வாசனை. ஆனால் அதன் மகரந்தம் பிசுபிசுப்பானது. சின்னஞ்சிறு கொசு இனங்களும் இலைப்பேன்களும் காலில் ஒட்டவைத்துக் கொண்டுபோக வேண்டிய சரக்கு அது. காற்றில் மிதந்து மூக்குக்குள் வருவது குறைவு. பூவாசனை சிலருக்கு மூக்கை உறுத்தும். அது எரிச்சல், ஒவ்வாமை அல்ல.

பிறகு ஏன் அதே வாரங்களில் தும்மல்? அந்தப் பருவத்தில் தோட்டத்தில் நடக்கும் மற்ற காரியங்களைப் பாருங்கள். தளிரைத் தாக்கும் சாம்பல் நோய்க்கு விடியற்காலையில் கந்தகத் தூள் அடிக்கிறார்கள், 7 முதல் 10 நாள் இடைவெளியில் பல சுற்று. அந்தத் தூள் கண்ணையும் மூக்கையும் நேராகவே எரிக்கும். சாம்பல் நோய் என்பதே ஒரு பூஞ்சை. அதன் வித்துகள் காற்றில்தான் பரவுகின்றன. உதிர்ந்து கிடக்கும் சருகுக்கடியில் வேறு பூஞ்சைகள். சருகைக் கூட்டித் தீ வைத்தால் புகை. போதாததற்கு மாவும் கொல்லாமரமும் (முந்திரி) பூத்திருக்கும், ஆண் பனை பாளை விட்டிருக்கும், கிழக்கிலிருந்து வறண்ட காற்று வேறு. பத்துப் பேர் நிற்கிற இடத்தில் கண்ணுக்குப் பட்டவர் மேல் பழி விழுந்த கதைதான்.

எது மூக்கைத் தொடும், எது தொடாது

பொதுவான விதி ஒன்று கைகொடுக்கும். கண்ணைப் பறிக்கும் பூ பூச்சியை நம்பி வாழ்கிறது. அதன் மகரந்தம் கனமானது, ஒட்டக்கூடியது. செம்பருத்தியின் மகரந்தத் துகள் 100 மைக்ரோமீட்டருக்கும் மேல், கூர்ந்து பார்த்தால் வெறுங்கண்ணுக்கே தெரியும். இப்படிப்பட்டது செடிக்கு அடியிலேயே உதிர்ந்துவிடும். யாரும் பூ என்று சொல்லாத பூக்களே தொல்லை தருபவை: புல்லின் கதிர், சவுக்கின் நுனியில் துருப்பிடித்தது போல் தொங்கும் ஆண் பூ, பனையின் விரல் விரலான பாளை, ஆமணக்கு, முள்ளுக்கீரை. இவற்றின் மகரந்தம் பெரும்பாலும் 20 முதல் 40 மைக்ரோமீட்டர், உலர்ந்தது, ஏராளமானது, காற்றில் பல கிலோமீட்டர் போகக்கூடியது.

அதனால் தோவாளைப் பூச்சந்தையைத் தாண்டிப் போகிறவர் பயப்பட ஒன்றுமில்லை. பிச்சிப்பூவின் மணம் மகரந்தம் ஆகாது. நாள் முழுக்க கிரேந்திப் பூவை (செண்டுமல்லி) கிள்ளி, கோத்து, குவியலைப் புரட்டுகிறவரின் கதை வேறு. கிரேந்தி, பார்த்தீனியத்தின் குடும்பத்தைச் சேர்ந்தது. கைநெருக்கத்தில் அதன் துகளும் சாறும் தோலையும் மூக்கையும் தொடுகின்றன. ஓணத்துக்கு முந்தைய வாரங்களில் கையில் அரிப்பும் தடிப்பும் கூடுகிறவர்கள் கையுறை போட்டுப் பார்க்கலாம். துணி உறைக்குள் சாறு ஊறிவிடும், நைட்ரைல் உறைதான் சரி.

தென்னைக்கு ஒரு பத்தி தனியாக வேண்டும், ஏனென்றால் இந்த மாவட்டத்தில் தென்னை இல்லாத காற்றே இல்லை. நல்ல மரம் ஏறக்குறைய மாதத்துக்கு ஒரு பாளை விடுகிறது. கொதும்பு (பாளையின் மேலோடு) வெடித்ததும் பூக்குலையின் நுனியிலிருந்து ஆண் பூக்கள் திறக்கத் தொடங்கும். ஒரு குலையில் ஆயிரக்கணக்கில் இருக்கும். நெட்டை ரகங்களில் ஏறத்தாழ மூன்று வாரம் இது ஓடும், பூக்கள் காலையில்தான் திறக்கும். குலையின் அடிப்பக்கம் நின்று லேசாக உலுக்கினால் வெளிர்மஞ்சள் மாவு போல் கையில் ஒட்டுவதே மகரந்தம். தேனீயும் கொண்டுபோகும், காற்றும் கொண்டுபோகும். ஒரு மரத்துக்குப் பருவம் உண்டு. தோப்புக்குப் பருவம் கிடையாது, ஏதாவது ஒரு மரம் எப்போதும் பூத்தபடி இருக்கும். தென்னை மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அதனால்தான் ஆண்டு முழுக்கத் தும்மல். தேங்காய் வெட்ட மரமேறுகிறவர் பன்னாடைத் தூசியையும் சேர்த்து முகத்தில் வாங்குகிறார். அவருக்கு முகக்கவசத்தைவிடப் பக்கம் மூடிய கண்ணாடி அதிகம் பயன்படும்.

செல்போன் காட்டும் எண்

வானிலைச் செயலியில் "மகரந்தம்: குறைவு" என்று வருகிறதே, அது எப்படி வருகிறது? மகரந்தத்தை உண்மையாக எண்ணும் முறை பழையது, சிரமமானது. ஹிர்ஸ்ட் வகைப் பொறி ஒன்றை உயரமான கட்டடத்தின் மாடியில் வைக்கிறார்கள். அது நிமிடத்துக்கு 10 லிட்டர் காற்றை இழுக்கும். சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதர் மூச்சு விடும் அளவுக்குப் பக்கம். உள்ளே பசை தடவிய நாடா மணிக்கு 2 மில்லிமீட்டர் வீதம் நகரும். ஏழு நாள் கழித்து நாடாவை எடுத்து வெட்டி, நுண்ணோக்கியில் ஒருவர் உட்கார்ந்து இனம் பிரித்து எண்ண வேண்டும். விடை, ஒரு கன மீட்டர் காற்றில் இத்தனை துகள்.

இந்தியாவில் இப்படி எண்ணி நாள்காட்டி போட்ட நகரங்கள் குறைவு. சண்டிகருக்கு ஒன்று 2022-ல் வெளியானது. நாகர்கோவில் பெயருக்கு நேரே வருகிற எண் செயற்கைக்கோள் காட்டும் பசுமை, வெப்பநிலை, காற்று இவற்றை வைத்துக் கணினி போடும் மதிப்பீடு. அலகுப்பனை (ஆண் பனை) பாளை விட்டதா, தேரூர் வயலில் கதிர் வெளிவந்ததா என்பது அதற்குத் தெரியாது.

அளவுகோலிலும் ஒரு சிக்கல். அமெரிக்காவில் வழங்கும் பட்டியலில் புல் மகரந்தம் கன மீட்டருக்கு 20 துகளைத் தொட்டாலே "அதிகம்"; மர மகரந்தத்துக்கு அந்த எல்லை 90. ஓக், பிர்ச் மரங்களையும் குளிர்நாட்டுப் புல்லையும் வைத்துப் பழகிய எல்லைகள் அவை. சவுக்குக்கும் பனைக்கும் அப்படியே பொருந்தும் என்று எடுத்துக்கொள்ள முடியாது. செயலியில் காற்றின் திசையையும் ஈரப்பதத்தையும் பாருங்கள், அவை உருப்படியானவை. மகரந்தக் கட்டத்தை விட்டுவிடலாம்.

ஒரே மாவட்டம், நாலு காற்று

சுமார் 1,670 சதுர கிலோமீட்டருக்குள் கடலும் மலையும் வயலும் பொட்டலும் அடங்கிய ஊர் இது. தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் வரும். ஆகவே "குமரியின் மகரந்தப் பருவம்" என்று ஒற்றைத் தேதி சொல்ல வழியில்லை. இடத்தைப் பொறுத்தே மாதம்.

நாஞ்சில் நாட்டு வயல்வெளியில் கணக்கு இரண்டு பூவோடு சேர்ந்தது. கன்னிப்பூ, கும்பப்பூ என்பவை கன்னி, கும்ப மாதங்களின் பெயரால் வழங்கும் சாகுபடிகள்; அறுவடை ஆகஸ்ட், செப்டம்பரிலும் ஜனவரி, பிப்ரவரியிலும். நெற்பயிர் பூப்பது அதற்கு ஒரு மாதம் முன்பு. எனவே ஜூலை, ஆகஸ்டில் ஒரு சுற்று, டிசம்பர், ஜனவரியில் ஒரு சுற்று. ஒரு வயல் பூத்து முடிய 7 முதல் 10 நாள். நடவு முன்பின்னாக இருப்பதால் ஏலா (வயல்வெளி) முழுக்க மூன்று, நாலு வாரம் இழுக்கும். நெற்பூ திறப்பது காலை 9 மணிக்கு மேல், நண்பகலுக்குள். வெயிலடிக்கும் நாளில் சீக்கிரமே திறக்கும், மந்தாரமான நாளில் தள்ளிப்போகும். பறக்கை, சுசீந்திரம், தாழக்குடிப் பக்கம் வயலோரம் வீடுள்ளவர்கள் அந்த வாரங்களில் மட்டும், காலை 9 முதல் 12 வரை வயல் பக்கத்து ஜன்னலை அடைத்துவைத்தால் போதும். நாள் முழுக்க அடைத்துவைத்தால் வீட்டுக்குள் ஈரம் கூடும்; அதன் விளைவு பின்னால் வருகிறது. வரப்புப் புல்லும் கோரையும் மழை விட்ட பிறகு தனியாகப் பூக்கும். அறுவடை இயந்திரம் கிளப்பும் உமித்தூசியை மகரந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது, ஆனாலும் மூக்குக்கு அது பெரிய அடி.

ஆரல்வாய்மொழி, முப்பந்தல், தோவாளைக் கிழக்கு வேறு உலகம். தென்மேற்குப் பருவத்தில் கணவாய் வழியாக மேற்கிலிருந்து பாயும் காற்று காற்றாலைகளைச் சுழற்றுவதோடு, தரையிலுள்ள புழுதியையும் சீமைக் கருவேல மகரந்தத்தையும் புல் மகரந்தத்தையும் கிளப்பிவிடுகிறது. சீமைக் கருவேலம் ஆண்டில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை பூக்கும். மஞ்சள் பூனைவால் போலத் தொங்குவது அதன் பூ. இந்தியாவில் ஒவ்வாமைச் சோதனைகளில் அடிக்கடி தட்டுப்படும் மகரந்தங்களில் இதுவும் ஒன்று. மேற்கே மழை கொட்டும் ஆனி, ஆடியில் இங்கே வறண்ட காற்று என்பதால், மார்த்தாண்டத்தில் மூச்சு இலகுவாக இருந்தவர் வேலைக்கு ஆரல்வாய்மொழி போனதும் தும்மத் தொடங்குவதில் வியப்பில்லை.

கடற்கரையில் சவுக்கைக் கவனிக்க வேண்டும். அது ஆண்டுக்கு இரண்டு முறை பூக்கும், பிப்ரவரி முதல் ஏப்ரல் வரையும் செப்டம்பர், அக்டோபரிலும். கடலிலிருந்து நேராக வீசும் காற்றில் மகரந்தம் அனேகமாக இருக்காது. முற்பகலுக்குப் பின் கடற்காற்று எழும்போது கடலோர வீடுகளில் மூக்கு திறந்துகொள்வதற்கு இதுதான் காரணம். இரவிலும் விடியற்காலையிலும் காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும்; சவுக்குத் தோப்புக்கும் கடலுக்கும் நடுவில் வீடிருந்தால் அப்போதுதான் தொல்லை. சின்னக் கணக்கு, ஆனால் எந்த நேரம் எந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பது என்று அதுவே சொல்லிவிடும்.

பனை, ஜனவரி தொடங்கி கோடை வரை. அலகுப்பனை என்கிற ஆண் மரத்தில் மட்டுமே மகரந்தம். காய்க்கும் பனை இதில் பங்கேற்பதில்லை. பதநீர்க் காலமும் இதே என்பதால் நினைவில் வைப்பது எளிது. கொல்லாமரம் டிசம்பர் முதல் மார்ச் வரை பூக்கும். அதன் மகரந்தம் பூச்சி வழியே போவது என்றாலும், மரத்தடியில் வேலை செய்கிறவர்களுக்கு ஒவ்வாமை தரக்கூடியது. அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) இருமல் வேறு விவகாரம். வறுக்கும் புகையும் பருப்புத் தொலியின் தூசியும் பருவம் பார்ப்பதில்லை.

மேற்கே விளவங்கோடு, திருவட்டாறு, மலையடிவாரம் முழுக்க, மகரந்தத்தைவிடப் பூஞ்சை வித்துதான் காற்றை ஆள்கிறது. ஜூன் முதல் நவம்பர் வரை நனைந்து காயாத சுவர், அலமாரிக்குப் பின்னால் கறுப்புப் புள்ளி, பழைய துணி வாசனை. இந்தப் பகுதிக்காரர் "மழைக்கால அலர்ஜி" என்று சொன்னால் மருத்துவர் மகரந்தத்தைத் தேடி நேரம் வீணாக்க மாட்டார்.

பார்த்தீனியம் எங்கும் உண்டு. 1955 வாக்கில் பூனாவில் கண்ணில் பட்டு நாடு முழுக்கப் பரவிய களை. முளைத்து ஒன்றிரண்டு மாதத்திலேயே பூக்கும், ஒரு செடி ஆயிரக்கணக்கில் விதை விடும். மழை முடிந்த மூன்றாம் வாரம், வெள்ளைப் பூ வரும் முன், மண் ஈரமாக இருக்கும்போது வேரோடு பிடுங்க வேண்டும். முழுக்கைச் சட்டையும் கையுறையும் அவசியம், ஏனென்றால் தண்டின் மெல்லிய ரோமத்திலும் ஒவ்வாமைப் பொருள் இருக்கிறது. பூத்த பிறகு அரிவாளால் வெட்டுகிறவர், மகரந்தத்தை முகத்துக்கு நேரே தூவிக்கொள்கிறார். செடியும் கீழிருந்து மறுபடி துளிர்க்கும்.

கட்டிலுக்குள் இருக்கும் பருவம்

இவ்வளவு சொன்ன பிறகு ஒன்றைச் சொல்லாவிட்டால் கட்டுரை வழிதவறிவிடும். குமரி போன்ற ஈரமான கடலோர ஊர்களில் தும்மலுக்கு முதல் சந்தேகம் மரத்தின் மேல் போகக் கூடாது, மெத்தையின் மேல் போக வேண்டும். வீட்டுத்தூசி உண்ணி கண்ணுக்குத் தெரியாது, கடிக்காது. நம் தோலிலிருந்து உதிரும் செதிலைத் தின்று வாழும். அதன் கழிவுதான் ஒவ்வாமைப் பொருள். காற்றின் ஈரப்பதம் 70, 80 சதவீதமும் வெப்பம் 25 டிகிரியும் அதற்குச் சொர்க்கம். ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே நீடித்து இறங்கினால் அது காய்ந்து சாகும். இந்த ஊரில் ஏசி இல்லாமல் 50-க்குக் கீழே இறக்குவது நடக்காத காரியம், 60-க்குக் கீழே வைத்தாலே பாதி வெற்றி. சில நூறு ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது, படுக்கையறையில் ஒன்று மாட்டுங்கள். மழைநாளில் அறைக்குள் கொடி கட்டித் துணி உலர்த்தினால் முள் எங்கே போகிறது என்று ஒருநாள் பார்த்தால், மறுநாள் கொடி வராந்தாவுக்குப் போய்விடும்.

விடியற்காலை எழுந்தவுடன் பத்துத் தும்மல், எட்டு மணிக்குச் சரியாகிவிடும், ஆண்டு முழுக்க இப்படியே, வெளியூரில் வேறு படுக்கையில் நாலு நாள் தங்கினால் குறைகிறது என்றால் அது உண்ணியின் கையெழுத்து. தலையணை உறை, விரிப்பு எல்லாவற்றையும் வாரம் ஒருமுறை 55, 60 டிகிரி சூட்டு நீரில் துவைக்க வேண்டும். பச்சைத் தண்ணீர் கழிவைக் கழுவும், உண்ணியைக் கொல்லாது. இலவம்பஞ்சு மெத்தையைத் தரையில் விரிக்காமல் மதில் மேல் போட்டு, இரு பக்கமும் திருப்பி மூன்று நாலு மணி நேரம் உச்சிவெயிலில் காயவைத்துத் தட்டி எடுக்க வேண்டும். தட்டுகிறவர் ஒவ்வாமைக்காரராக இருக்கக் கூடாது. நெருக்க நெய்த, ஜிப் வைத்த உண்ணித் தடுப்பு உறை போட்டால் இந்த வேலை குறையும்.

கூட்டுவதிலும் சூட்சுமம் உண்டு. காய்ந்த தரையில் வாரியலைப் போட்டு இழுத்தால், படிந்திருந்த தூசி மூக்குயரத்துக்கு வந்து அரைமணி நேரம் மிதக்கும். முதலில் ஈரத்துணி, பிறகு வாரியல். புதிதாக வாங்கிய பூத்துடைப்பத்தை வாசலுக்கு வெளியே நன்றாகத் தட்டி, தண்ணீரில் அலசிக் காயவைத்த பிறகே உள்ளே எடுங்கள். அந்தப் "பூ" ஒரு புல்லின் பூங்கதிர்தான். மின்விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறையை நனைத்து, இறக்கையை அதற்குள் நுழைத்து உருவினால் தூசி உறைக்குள்ளேயே நின்றுவிடும். ஏசி சல்லடையை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவ வேண்டும்.

தலையில் எண்ணெய் தேய்த்து வெளியே சுற்றி வந்தால் முடியில் ஒட்டிய துகள் எல்லாம் இரவில் தலையணைக்குப் போகும். மகரந்த மாதங்களில் எண்ணெய்க்குளியலை மாலைக்கு மாற்றிக்கொள்ளலாம். பைக்கில் போகிறவர் ஹெல்மெட் கண்ணாடியை இறக்கிவிட்டாலே கண்ணரிப்பு கணிசமாகக் குறையும்.

உங்கள் நாள்காட்டியை நீங்களே போடுவது

தேவை ஒரு நோட்டு, எட்டு வாரம். தும்மல், மூக்கொழுகல், மூக்கடைப்பு, கண்ணரிப்பு நாலுக்கும் தினமும் இரவில் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 12. பக்கத்தில் அன்று எங்கே இருந்தீர்கள், எந்த நேரம் கூடுதல், மழையா வெயிலா, என்ன மாத்திரை என்று ஒரு வரி. வீட்டைச் சுற்றி என்ன பூத்திருக்கிறது என்பது இன்னொரு வரி. ஒரு ஆண்டு எழுதினால் பொன். எட்டு வாரத்திலேயே "ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூடுகிறது, அன்றுதான் வீடு தூசி தட்டுகிறோம்" போன்ற உண்மைகள் வெளிவரும்.

பள்ளி ஆய்வகத்தில் நுண்ணோக்கி கைக்கெட்டினால் இன்னும் ஒரு படி போகலாம். கண்ணாடிச் சில்லில் வாசலினை மெல்லிய படலமாகத் தடவுங்கள். கனமாகத் தடவினால் பார்க்கும்போது மங்கலாகும். மொட்டைமாடியில் மழை படாதபடி இரண்டு தட்டுகளை ஒரு சாண் இடைவெளியில் மேலும் கீழுமாகப் பொருத்தி, கீழ்த்தட்டில் சில்லை 24 மணி நேரம் வையுங்கள். எடுத்து, சாயமாக ஒரு துளி சாஃப்ரனின், மேலே மூடு கண்ணாடி, முதலில் 10 மடங்குப் பொருள்வில்லை, பிறகு 40. புல் மகரந்தம் ஒற்றைத் துளை வைத்த உருண்டைச் சட்டைப் பொத்தான் போலிருக்கும். சவுக்கு, மூலைக்கொரு துளையுடன் முக்கோணம். தென்னை, நடுவில் ஒரே கீறலுள்ள தோணி. முள்ளுக்கீரை, உடம்பெல்லாம் துளையிட்ட பந்து. அடையாளம் உறுதியாக வேண்டுமானால் அந்தந்தப் பூவிலிருந்தே கொஞ்சம் உதிர்த்து மாதிரிச் சில்லு செய்து பக்கத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். தானாக விழுவதைப் பிடிக்கும் முறை என்பதால் பெரிய துகள் அதிகமாகவும் பூஞ்சை வித்து குறைவாகவும் பதியும். கன மீட்டர் கணக்கும் இதில் வராது. எந்த வாரம் எது தொடங்கியது என்று தெரிந்துகொள்ள இது தாராளம்.

சோதனையும் மருந்தும்

எல்லா மூக்கடைப்பையும் "சைனஸ்" என்றும் பீனிசம் என்றும் சொல்லிப் பழகிவிட்டோம். தண்ணீர் போன்ற ஒழுகல், அரிப்பு, தொடர் தும்மல், காய்ச்சல் இல்லை என்றால் ஒவ்வாமை. ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, ஒரு பக்கம் மட்டும் ரத்தம், நாற்றமுள்ள சளி, முகவலியுடன் காய்ச்சல் என்றால் ஒவ்வாமை மாத்திரையில் நாளைக் கடத்தாமல் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

தோல் குத்துச் சோதனையில் முன்கையில் சாறுகளைத் துளித்துளியாக வைத்து ஊசிமுனையால் மேலாகக் குத்தி, 15, 20 நிமிடத்தில் தடிப்பை அளக்கிறார்கள். உப்புநீர்த் துளியைவிட 3 மில்லிமீட்டரோ அதற்கு மேலோ தடித்தால் எதிர்வினை உண்டு என்று பொருள். சோதனைக்கு முன் 5 முதல் 7 நாள் ஒவ்வாமை மாத்திரையை நிறுத்தாவிட்டால் எதுவுமே தடிக்காது, காசுதான் போகும். மூக்கு ஸ்பிரேயை நிறுத்த வேண்டியதில்லை. தடித்ததெல்லாம் நோய்க்குக் காரணமும் அல்ல. அங்கேதான் உங்கள் நோட்டு வேலைக்கு வருகிறது. உங்களுக்கு ஜனவரியில் மட்டும் தொல்லை என்றால், சீமைக் கருவேலத்துக்குத் தடித்ததை ஒதுக்கிவைக்கலாம். நூறு உணவுப் பொருளுக்கு ஒரே ரத்தச் சோதனை என்று விற்கப்படும் ஐஜிஜி (IgG எதிர்ப்பொருள்) பட்டியல்களில் மூக்குத் தும்மலுக்கு விடை இல்லை.

மருந்துகளில் தினசரித் தொல்லைக்கு முதலிடம் ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரேக்கு. ஃப்ளூட்டிகசோன், மொமெட்டசோன் போன்றவை. பெயரைக் கேட்டுப் பயப்படுகிறவர்கள் அதிகம், ஆனால் மருத்துவர் சொன்ன அளவில் உடம்புக்குள் போவது மிகக் குறைவு. "அடிச்சேன், கேக்கல" என்று பாட்டிலைத் தூக்கிப் போடுகிறவர்களில் பெரும்பாலோர் அடிக்கும் முறையில் தவறுகிறார்கள். புதுப் பாட்டிலை நன்றாகக் குலுக்கி, மெல்லிய புகை வரும்வரை காற்றில் அழுத்த வேண்டும். மூக்கைச் சிந்தி, தலையை லேசாக முன்னால் குனியுங்கள். அண்ணாந்தால் மருந்து தொண்டைக்குப் போகும். இடது துளைக்கு வலது கை, வலது துளைக்கு இடது கை. முனை கண்ணின் வெளிமூலையைப் பார்க்க வேண்டும். நடுத்தண்டைப் பார்த்து அடித்தால் அங்கே புண்ணாகி ரத்தம் வரும். அடிக்கும்போது மெல்ல மூச்சிழுத்தால் போதும், உறிஞ்சினால் விழுங்குவீர்கள். பெரியவர்களுக்கு வழக்கமாகத் துளைக்கு 2 அழுத்தம், நாளுக்கு ஒருமுறை. முழுப் பலன் தெரிய இரண்டு வாரம் வரை ஆகும்.

மாத்திரையில் செட்டிரிசின் 10 மி.கி., லெவோசெட்டிரிசின் 5 மி.கி., ஃபெக்சோஃபெனாடின் 120 மி.கி. போன்றவை தும்மலுக்கும் அரிப்புக்கும் நல்லவை, அடைப்புக்குச் சுமார். முதல் இரண்டும் சிலரைத் தூங்கவைக்கும், வண்டி ஓட்டுகிறவர் கவனிக்க வேண்டும். ஃபெக்சோஃபெனாடினைப் பழச்சாறோடு விழுங்கினால் உடம்பில் சேருவது குறைந்துவிடும், தண்ணீர்தான் சரி. மான்டெலுகாஸ்ட் சேர்ந்த கூட்டு மாத்திரை இங்கே சர்வசாதாரணம். மனச்சோர்வு, கெட்ட கனவு, நடத்தை மாற்றம் வரக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் கட்டம் கட்டி எச்சரித்த மருந்து அது. வேறு மருந்தில் அடங்கும் தும்மலுக்கு அதை முதலில் தொட வேண்டாம். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் எதையும் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

அடைப்பை ஒரு நிமிடத்தில் திறக்கும் சைலோமெட்டசோலின், ஆக்ஸிமெட்டசோலின் சொட்டு மருந்தை ஐந்து நாளுக்கு மேல் போடாதீர்கள். அதற்குப் பிறகு சொட்டு போடாததாலேயே மூக்கு அடைக்கும். வருடக்கணக்கில் அந்தக் குப்பியைச் சட்டைப்பையில் சுமக்கிறவர்கள் உண்டு. அதைவிட மோசம், கடையில் கேட்டு வாங்கும் "ஒரு செட்" மாத்திரை. அதற்குள் சின்னதாக பீட்டாமெத்தசோனோ டெக்ஸாமெத்தசோனோ ஒரு ஸ்டீராய்டு கிடக்கும். அன்றே பளிச்சென்று சரியாகும். சர்க்கரை ஏறுவதும் எலும்பு தேய்வதும் மெதுவாகத் தெரியும். ஆண்டுக்கொரு முறை போடும் நீடித்த ஸ்டீராய்டு ஊசியும் இதே கதை.

உப்புநீரால் மூக்கைக் கழுவுவது மலிவான, நல்ல வழி. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிக்கவைத்து ஆறவிட்டு, மட்டமாக வழித்த ஒன்றரைத் தேக்கரண்டி தூளுப்பு, அதாவது சுமார் 9 கிராம், அரைத் தேக்கரண்டி சமையல் சோடா கலக்க வேண்டும். அயோடின் சேர்க்காத சுத்தமான உப்பு எரிச்சல் தராது. உப்பளத்துக் கல்லுப்பை அப்படியே போட்டால் அதன் அழுக்கும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பாக, துளைக்கு 100 மில்லிக்குக் குறையாமல் ஊற்றி மறுதுளை வழியே விடுங்கள். மிச்சத்தை மறுநாள் வைக்காதீர்கள். கொதிக்கவைக்காத குளத்து நீரும் கிணற்று நீரும் குழாய் நீரும் கூடவே கூடாது. பக்கத்துக் கேரளத்தில் 2024-ல் அமீபா மூளைக்காய்ச்சல் வந்த வழி மூக்குதான். விழுங்கினால் ஒன்றும் செய்யாத அந்த அமீபா மூக்கின் கூரை வழியாக மூளைக்கு ஏறுகிறது.

மார்த்தாண்டம் தேனைத் தினமும் ஒரு கரண்டி சாப்பிட்டால் மகரந்த ஒவ்வாமை பழகிவிடும் என்பது பரவலான நம்பிக்கை. தேன் அருமையானது, ஆனால் அதிலுள்ள மகரந்தம் தேனீ தொட்ட பூவினுடையது. நம்மைத் தும்மவைப்பது காற்று சுமப்பது. போதாததற்கு இங்கத்தத் தேனில் பெரும்பங்கு ரப்பர் பூவிலிருந்துகூட வருவதில்லை, இளந்தளிர்க் காம்பில் சுரக்கும் இனிப்பிலிருந்து வருகிறது. உண்மையாகப் பழக்குவது என்றால் தடுப்பாற்றல் சிகிச்சைதான். உங்களுக்கு உறுதியான ஓரிரு ஒவ்வாமைப் பொருளை, ஊசியாகவோ நாக்கடியிலோ, 3 முதல் 5 ஆண்டு வரை தர வேண்டும். ஊசி போட்டபின் அரைமணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும். பன்னிரண்டு பொருளை ஒரே குப்பியில் கலந்து தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடலாம்.

இரவில் இருமல், மூச்சில் விசில் சத்தம், மாடிப்படியில் நெஞ்சு இறுக்கம் இருந்தால் மூக்கோடு நிற்கவில்லை, ஆஸ்துமாவைப் பார்க்க வேண்டும். பேச முடியாத மூச்சிரைப்பு என்றால் 108. இவர்கள் சித்திரை, வைகாசி இடிமழைக்கு முன் வீசும் குளிர்காற்றிலும் முதல் தூறலிலும் வெளியே நிற்கக் கூடாது. ஈரம் பட்ட புல் மகரந்தம் வெடித்து நுண்துணுக்குகளாகும், முழுத்துகள் போக முடியாத மூச்சுக்குழல் ஆழம்வரை அவை போகும். மெல்போர்னில் 2016 நவம்பர் 21 மாலை இப்படி ஒரு புயலில் ஆயிரக்கணக்கானோர் மருத்துவமனைக்கு ஓடினார்கள், பத்துப் பேர் இறந்தார்கள். மருத்துவமனைக்கு ஓடியவர்களில் பலர் அதுவரை தங்களுக்கு வெறும் மூக்கொழுகல் என்றே நினைத்திருந்தவர்கள்.

நோட்டில் உங்கள் மாதம் தெரிந்துவிட்டால் ஸ்பிரேயைத் தொல்லை தொடங்கும் முன்பே தொடங்கலாம். சவுக்குக்காரர் ஜனவரி மூன்றாம் வாரம், கும்பப்பூ வயலோரத்தவர் கதிர் பொதிகட்டும் நேரம், ஆரல்வாய்மொழிக்காரர் காற்றாலை வேகமெடுக்கும் முன். பருவம் முடிந்து மதிப்பெண் இரண்டு வாரம் தொடர்ந்து 2-க்குக் கீழே இருந்தால், மருத்துவரிடம் சொல்லிவிட்டு நிறுத்திப் பார்க்கலாம்.